கும்மிடிப்பூண்டி வண்டி

சென்னைக் கடற்கரை நிலையத்தை விட்டு வடக்கே கிளம்பும் கும்மிடிப்பூண்டி வண்டி முதலில் நிற்பது ராயபுரத்தில். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழையது என்ற பெயர் இதற்கு உண்டு. தூண்கள் வரிசையாக நிற்கும் அதன் முகப்பை வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. என்னோடு வந்த தம்பிக்கு அதனால் ஒன்றும் குறையில்லை. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. "ராயபுரம் வந்தா சத்தம் அகலமாவும்க்கா, கவனிங்க" என்றார். கவனித்தேன். அதுவரை பக்கச் சுவர்களில் மோதித் திரும்பிக்கொண்டிருந்த சக்கரச் சத்தம், தண்டவாளங்கள் பல பிரிந்து கிடக்கும் அந்த இடத்தில் சட்டென்று விரிந்தது.

எண்ணூர்ப் பக்கம் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. தமிழ் படிக்கிறார். பள்ளிப் படிப்பு பூந்தமல்லி அரசு பார்வையற்றோர் பள்ளியில். பாடங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. தேர்வு எழுதித் தர மட்டும் என்னால் முடியாது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வர் தானே அழைத்துவரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். நான் எம்.ஏ. முடித்தவள். அவர் தெருவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி எழுத ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழக்கிக் கொடுக்கத்தான் இந்தப் பயணம். வழியில் திருவொற்றியூர்க் கோயிலில் இறங்க வேண்டும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். சுந்தரர் அவருக்குப் பாடத்தில் இருக்கிறார்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர். நான் ஏறிய பெட்டியில் அடுத்த நிலையம் எது என்று சொல்லும் குரல் எதுவும் இல்லை. அவர் எண்ணிக்கொண்டும் வருவதில்லை. எண்ணினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுக்கும்போது கணக்குத் தவறிவிடும் என்கிறார். கொருக்குப்பேட்டையில் தடம் மாறும் இடத்தில் பெட்டி பக்கவாட்டில் குலுங்குவது, தண்டையார்பேட்டையில் காற்றில் கலந்து வரும் எண்ணெய்க் கிடங்கு வாடை, மணலிப் பக்கமிருந்து மேல்காற்று அடித்தால் மூக்கின் அடியில் நிற்கும் இன்னொரு வாடை. கண் உள்ளவர்கள் முகம் சுளித்துக் கடக்கிற நாற்றங்கள் அவருக்கு ஊர்ப் பெயர்ப் பலகைகள்.

கல்லூரி இல்லாத நாட்களில் இதே தடத்தில் ஐடி கார்டு கவர், பேனா, ஊதுவத்தி விற்கிறார். சென்னை மின்ரயில்களில் இப்படிப் பொருள் விற்கும் பார்வையற்றவர்களைப் பார்க்காத பயணி இருக்க முடியாது. பட்டம் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. அனுமதியில்லாமல் ரயிலில் விற்பது ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவின்படி குற்றம். ஆகையால் பிடிபடும் பயமும் அந்தப் பையோடு சேர்ந்தே ஏறுகிறது.

பணத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய நூறு ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர். பழைய ஐந்நூறு 167. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை விரல் இடுக்கில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 2016 முதல் வந்த வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் 66. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெறும் நான்கு மில்லிமீட்டர். "அந்த நாலு மில்லிமீட்டர்லதான்க்கா என் வியாபாரம் நடக்குது" என்றார். ஓரங்களில் தடவிப் பார்ப்பதற்காகப் புடைப்புக் கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். புது நோட்டில் அவை விரலுக்குத் தட்டுப்படும். மீன் மார்க்கெட்டிலும் டீக்கடையிலும் கைமாறிக் கசங்கிய நோட்டில் அவை தேய்ந்து போயிருக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. நோட்டைக் கேமராவுக்குக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நெரிசலான பெட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவர் அதை எப்படிக் காட்டுவார்? 2019-இல் வந்த நாணய வரிசையை மட்டும் அவர் மனதாரப் பாராட்டுகிறார். பன்னிரண்டு முனைகள் கொண்ட இருபது ரூபாய் நாணயம் கையில் விழுந்ததுமே தெரிந்துவிடுகிறதாம்.

அவர் பயணிகளிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். "நோட்டக் குடுக்கும்போது எவ்ளோன்னு வாயால சொல்லிட்டா போதும்க்கா. பாவம்னு சில்லற வேணாம்னுட்டுப் போறவங்களவிட, நூறு ரூபாண்ணே, மீதி குடுங்கன்னு கேக்கறவங்கதான் எனக்கு வேணும்." தொண்டு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, எந்த அமைப்பில் சேருவது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் இந்த வாக்கியத்தைத்தான் இனி முதலில் சொல்லப் போகிறேன்.

திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தேரடிக்கு வந்தோம். இந்த வழியாகத்தான் மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. மெட்ரோ நிலையங்களின் தரையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு போட்ட ஓடு என்றால் நடக்கலாம், புள்ளி போட்ட ஓடு என்றால் நிற்க வேண்டும். ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் இதை உருவாக்கி, 1967-இல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகத் தெருவில் பதித்தார். அவர் பதித்தது தெருவில். நம் ஊரில் அது நிலைய வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வெளியே நடைபாதை மேல் பைக், பூக்கடை, மூடியில்லாத குழி, குறுக்கே கட்டிய விளம்பரத் தட்டிக் கயிறு. தரையில் இருப்பதைக் கைத்தடி கண்டுபிடித்துவிடும். நெஞ்சு உயரத்தில் தொங்குகிற கயிற்றை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

தெருவில் நடக்கும்போது அவர் என் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து முன்னே தள்ளிக்கொண்டு போகிறார்கள். சிலர் கைத்தடியின் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். தள்ளப்படுகிறவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது. பிடித்துக்கொண்டு வருகிறவருக்கோ முன்னால் போகும் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் கை வழியே முன்கூட்டியே வந்துவிடும். வேண்டாமென்றால் விட்டுவிடவும் அவரால் முடியும். பிடி யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இத்தனை நாள் பழக்கத்தில் எனக்குப் புரிந்திருக்கிறது.

தியாகராஜர் கோயிலில் கூட்டம் இல்லாத வேளை. சுந்தரர் கதை தெரிந்ததுதான். திருவாரூரில் பரவையை மணந்தவர் இங்கே வந்து சங்கிலியார்மேல் காதல் கொள்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணக்கிறார். பிறகு ஆரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்ட, கண் இரண்டும் போகின்றன. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். பார்வை போவதைத் தண்டனையாகச் சொல்லும் கதைகள் எனக்கு எப்போதும் உறுத்தும். போன பிறவியில் என்ன பாவம் செய்தாரோ என்று, பெற்றவளின் காதில் விழும்படியே பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தம்பியிடம் சொன்னேன்.

"அத வுடுங்கக்கா. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம்" என்றார். கண் போனபின் சுந்தரர் திருவெண்பாக்கம் போகிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று இறைவனைக் கேட்கிறார். இருக்கிறேன், நீ போ என்று பதில் வருகிறது. கண்ணுக்குப் பதில் ஊன்றுகோல் ஒன்று கிடைக்கிறது. காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். "கோல் குடுத்ததும் கோவம் வந்துச்சுல்ல அவருக்கு? எனக்கும் எட்டாவது படிக்கறப்ப முத முதல்ல கைத்தடி குடுத்தப்ப அப்படித்தான் வந்துச்சு. தூக்கிப் போட்டேன். அவரு கோல வாங்கிக்கினு நடந்தாரு பாருங்க, பாட்டையும் நிறுத்தல. அந்த வழி எனக்குத் தெரியும்க்கா."

ஊன்றுகோல் கொடுத்த அந்தப் பழைய கோயில் இப்போது இல்லை. 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போனது. பிறகு வேறிடத்தில் திரும்பக் கட்டினார்கள். சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

பெரியபுராணத்தில் பார்வையற்ற நாயனார் இன்னொருவரும் உண்டு, தண்டியடிகள். திருவாரூர்க் குளம் தூர்ந்து வருவதைக் கேட்டு, அதைத் தானே வெட்டி ஆழமாக்க நினைக்கிறார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து கொட்டுகிறார். யாரும் அவரைக் கைப்பிடித்து நடத்தவில்லை. தனக்கு வேண்டிய வழியைத் தானே கட்டிக்கொண்டார். சேக்கிழார் இதை எழுதி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தியபோது யாரும் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை என்பதில் தம்பிக்கு வருத்தம்.

சுவர்க் கல்வெட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் கட்டப்பட்ட, பின்புறம் வளைந்த கருவறை இது. வெளிச்சுவரில் அவர் விரல்கள் ஒரு வரியை மெல்ல மெல்லக் கடந்தன. ஒரு எழுத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிவதற்குள் நேரம் ஓடியது. பிறகு கையை எடுத்துவிட்டார். "இது கண்ணுக்குப் பண்ண எழுத்துக்கா." பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் வலந்தீன் ஆயுய் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டுப் படிக்க வைத்தார். மாணவர்கள் திணறினார்கள். அதே பள்ளியில் படித்த லூயி பிரெயில், விரல் நுனிக்கு அடியில் அடங்கும் ஆறு புள்ளிகளை வைத்து 1824-இல், தன் பதினைந்தாம் வயதில், புது முறையை உருவாக்கினான். பார்வை உள்ள பெரியவர்கள் தலைமுறைக் கணக்கில் யோசித்தும் எட்டாதது பார்வையற்ற ஒரு பையனின் விரலுக்கு எட்டியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது. தமிழுக்கும் அதுதான்.

பிரெயில் புத்தகங்கள் தடிமனானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. எம்.ஏ. அளவில் அநேகமாகக் கிடைப்பதில்லை. தம்பி படிப்பது கைபேசியில், திரைவாசிப்பான் வழியாக. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்து தமிழர்கள் தட்டச்சு செய்து போட்ட இலக்கியங்களை அது வாசித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வாசகர்களுக்காக அவர்கள் செய்த தொண்டு அது. ஆனால் பேராசிரியர் தரும் குறிப்பு பழைய எழுத்துருவில் இருந்தால், திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கத்துகிறது. பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், படம் என்று சொல்லிவிட்டு ஊமையாகிவிடுகிறது. மாலை நேரங்களில் யாராவது உட்கார்ந்து அவற்றை யூனிகோடில் தட்டித் தர வேண்டும். அச்சு நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதை 2012-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். சட்டம் தயாராக இருக்கிறது. விசைப்பலகை முன் உட்காரக் கைகள்தான் குறைவு.

தேரடியிலிருந்து பஸ்ஸில் வடக்கே. விம்கோ, அசோக் லேலண்ட், கத்திவாக்கம். இறங்கி ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றும் நகர்ந்தும் கொண்டிருந்தன. மற்ற ஊர்களில் காதை வைத்துச் சாலையைக் கடந்துவிடுவேன், இங்கே முடியாது என்று தம்பி காரணம் சொன்னார். லாரியின் இன்ஜின் முன்னால் இருக்கிறது. இன்ஜின் சத்தம் கடந்துபோனதும் வண்டி போய்விட்டது என்று காது சொல்லும். அதன் பின்னால் நாற்பது அடிப் பெட்டி இன்னும் வந்துகொண்டிருக்கும். நடுவில் சக்கரம் இல்லாத இடத்தில் சத்தமும் இருக்காது. பின் சக்கரங்கள் கடைசியில் வரும். "அந்த சத்தமில்லாத எடத்துலதான்க்கா கால வைக்கத் தோணும்." இந்தச் சாலையில் மட்டும் அவர் பெருமை பாராட்டாமல் யாரையாவது கேட்டு, கை பிடித்தே கடக்கிறார். ஒலி எழுப்பும் சிக்னல் ஒன்று இங்கே வந்தால் அந்தக் கையும் வேண்டியிருக்காது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் கண் எரிய, மூச்சு முட்ட ஜனங்கள் ஓடினார்கள். தம்பி அன்றைக்கு அங்கே சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். "யாரோ என் கையப் புடிச்சு இழுத்துக்கினு ஓடனாங்க. நல்லவங்கதான். யாருன்னு சொல்லல, எங்க போறோம்னும் சொல்லல. வாடை அதிகமாவற பக்கம் போறோமா கொறையற பக்கம் போறோமான்னு எனக்குத் தெரிஞ்சிது, அத அவங்க கேக்கல." பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாக்க வேண்டும், அதற்காக மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களைப் பற்றிய பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் எட்டாவது பிரிவில் சொல்கிறது. குழாய்களும் சாம்பல் குட்டைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் சூழ்ந்த இந்தப் பகுதியில் அந்தப் பதிவேடு தெருத் தெருவாக இருக்க வேண்டும். எந்த வீட்டில் யார், இரவில் யார் போய் எழுப்புவது, என்ன சொல்லி எழுப்புவது என்பதுவரை இளைஞர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நான் பார்த்தவரையில் இங்கே செய்யக்கூடிய தொண்டுகளில் இதைவிட அவசரமானது இல்லை.

அவர் வீட்டில் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். பி.காம். பெண் நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பழகத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரமாகும். அந்த நேரம் தாராளமாகத் தோன்றும், ஆனால் வாசிப்பிலேயே ஒரு பங்கு போய்விடும். முதலில் வினாத்தாள் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் வாசிக்க வேண்டும். மதிப்பெண், 'அல்லது', எத்தனை வினாவுக்கு எத்தனை எழுத வேண்டும் என்பவை உட்பட. எளிதாகத் தோன்றும் கேள்வியில் குரல் உற்சாகமாகக் கூடாது, தேர்ந்தெடுப்பது அவர். தலையாட்டக் கூடாது, "ம்" சொல்ல வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஜெல் பேனா வேண்டாம், பால்பாயிண்ட் கொண்டு வா என்றார் தம்பி. தாளில் பேனா உரசும் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் தன் வேகத்தை வைத்துக்கொள்கிறார். ஜெல் பேனா சத்தம் போடாது.

நெய்தல் திணை பற்றி ஒரு கேள்வி. முதற்பொருள், கருப்பொருள் எல்லாம் சொல்லி, உரிப்பொருள் இரங்கல் என்றார். பேனா நின்றது. "அண்ணா, இரங்கலுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்ன ர. நல்லா கேட்ட. தெரிஞ்சாலும் கேளு. தப்பாச் சொன்னா அது என் தப்பா இருக்கட்டும்."

அவள் எழுதினாள். வல்லின ஒற்று எங்கே வரும் என்று அவரே ஒவ்வொரு இடத்திலும் சொன்னார். பி.காம். பெண்ணுக்கு அது புது உலகம். மூன்று பக்கம் முடிந்தபோது கையை உதறிக்கொண்டாள். தேர்வு அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். நான்காவது தாளன்று அவளுக்கும் கல்லூரியில் தேர்வு. ஸ்கிரைப் கிடைப்பதில் எப்போதும் இதே சிக்கல்தான். எழுதித் தரத் தகுதியுள்ள வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அதே மாதத்தில்தான் தேர்வு. ஒரு தாளுக்கு ஆள் இல்லாமல் ஒரு வருடத்தை இழந்தவர்களை இவர் அறிவார்.

"தண்டையார்பேட்டைல என் ஃப்ரெண்டு இருக்கா அண்ணா. போன வருஷமே படிப்ப முடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. ஒரு நாள் லீவு போடுவாளான்னு கேக்கறேன்" என்று அவள் கைபேசியை எடுத்தாள்.

"பட்டம் முடிச்சவங்கன்னா பரவால்ல, எம்.ஏ. முடிக்கலேல்ல? அப்ப சரி" என்றார் தம்பி. அந்தப் பக்கம் அழைப்பை எடுத்தார்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம். லீவு கெடைக்குமான்னு அப்பறம் பாக்கலாம்" என்று தொடங்கினார் அவர். "தமிழ் கையெழுத்து கடைசியா எப்ப எழுதுனீங்க?"